உள்ளறை ரெண்டருக்கு (3டி மாடலை நிஜப் படம் மாதிரி ஆக்க) எந்த மென்பொருள்: வீ-ரேயா, என்ஸ்கேப்பா?

கேள்வி: ஸ்கெட்ச்அப்ல (3டி வரையும் மென்பொருள்) செஞ்ச மாடல், 8 ஜிபி விராம் (கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்) உள்ள கார்டு. ஸ்டில்லும் (அசையாப் படம்) வேணும், சின்ன வாக்த்ரூவும் (அறைக்குள்ள நடந்து பார்க்கிற மாதிரி காட்சி) வேணும். எதை எடுக்கலாம்?

பதில் 1: வாக்த்ரூதான் முக்கியம்னா என்ஸ்கேப். மாடல்ல கை வெச்சா உடனே திரையில் மாறும். கண்ணாடி, திரைச்சீலை வழியா கசியும் ஒளி துல்லியமா வேணும்னா வீ-ரே.

பதில் 2: மென்பொருளை விட விராம்தான் இடிக்கும். நீளம், அகலம் ரெண்டும் 4096 பிக்சல் உள்ள டெக்ஸ்சர் (பரப்பு மேல ஒட்டும் படம்) ஒண்ணு சுருக்காம ஏறினா 64 எம்பி; 1024ன்னா வெறும் 4. தூரத்துச் சுவருக்கு அதுவே தாராளம். செடி, நாற்காலியை ப்ராக்ஸியா (ரெண்டர் ஆகும்போது மட்டும் முழு வடிவம் ஏறும் எளிய பதிலி) வைங்க. அப்பவும் பத்தலைன்னா வீ-ரேயை சிபியூவுக்கு (கணினியின் மையச் செயலி, விராமை நம்பாது) மாத்துங்க. மெதுவா ஓடும், ஆனா பாதியில நிக்காது.

பதில் 3: செலவே வேண்டாம்னா பிளெண்டர் சைக்கிள்ஸ் (பிளெண்டர்ங்கிற இலவச 3டி மென்பொருளோட ரெண்டர் கருவி). இன்டைரக்ட் கிளாம்ப்பை (எதிரொளிக்கும் ஒளிக்கு வைக்கும் உச்சவரம்பு) 10லிருந்து 3க்கு இறக்கினா வெள்ளைப் புள்ளிகள் அடங்கும், அறையும் லேசா மங்கும். டீநாய்ஸரை (படத்துப் புள்ளி இரைச்சலைத் துடைக்கும் கருவி) நம்பி சாம்பிளை (ஒரு பிக்சலுக்கு ஒளியைக் கணக்கிடும் தடவை) ரொம்பக் குறைக்காதீங்க. மர ரேகை மெழுகிவிட்டாப்ல ஆயிடும்.