பிரசவத்துக்குப் பிறகு தலைவலி, கண் மங்கல்: தூக்கமின்மைதானா?

கேள்வி: தங்கைக்குப் போன வாரம் பிரசவம். கர்ப்பத்திலேயே பிரஷர் இருந்தது. காலையிலிருந்து மண்டை விண்விண்ணென்று தெறிக்கிறதாம், பாராசிட்டமால் கேட்கவில்லை. குழந்தை முகத்தைப் பார்த்தால் பாதி மறைகிறது என்கிறாள். தூங்கினால் சரியாகுமா?

பதில்: தூங்க விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நான் பிரசவ வார்டு நர்ஸ். குழந்தை பிறந்ததோட கர்ப்பகால பிரஷரோட ஆபத்து முடியறதில்லை. அதுக்கப்புறமும் சில வாரம் வரை வலிப்பு வரலாம். பிரஷர் எகிறும்போது மூளை ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிஞ்சு மூளை வீங்கும். பெரும்பாலும் பின்மூளையில்தான். பார்வையைக் கவனிக்கிறதும் அந்த இடம்தான், அதனாலதான் கண் மறைக்குது. 160/110 தாண்டினா மூளையில் ரத்தக்கசிவு பயமும் இருக்கு. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஏத்துவாங்க. வழியில் வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில் எதையும் திணிக்காதீங்க.

பதில்: எனக்கும் இப்படித்தான் வந்துச்சு. அந்த மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் காந்தும், பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. பார்வை முழுசா திரும்பிடுச்சு. உள்ளே நுழைஞ்சதுமே "இப்பதான் பிரசவம் ஆச்சு, பிரஷர் இருந்தது"ன்னு சொல்லிடுங்க சகோ. இல்லன்னா சாதாரண தலைவலின்னு காத்திருக்க வெச்சிடுவாங்க.

கேட்டவர்: வீட்டு மெஷினில் 168/112. வண்டியில் ஏறிட்டோம்.