புதுப்பிப்பு: அப்பாவின் தட்டில் கீரை, மூன்று மாதத்துக்குப் பிறகு

அப்பாவுக்கு 64 வயது, கெட்ட கொழுப்பு 168, மாத்திரையோடு சாப்பாட்டில் என்ன மாற்றலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். காய், பழம், கீரையைக் கூட்டச் சொல்லிப் பலர் எழுதினீர்கள். நேற்று மறுபடி ரத்தம் பார்த்தோம்: 112. மாத்திரையின் பங்கு பெரிது, அதை மறைக்கவில்லை. ஆனால் வீட்டுச் சாப்பாடே மாறிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் என்கிறது. தராசில் வைத்துப் பார்த்தோம். அப்பா தட்டில் விழுந்த பொரியல் 60 கிராம்தான்! இப்போது சோறு ஒரு கரண்டி குறைவு, பொரியல் இரண்டு பங்கு. மிக்சர் டப்பாவில் கொய்யாத் துண்டுகள். அம்மா முளைக்கீரைத் தண்டைக்கூட வீசுவதில்லை. நார் உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கிச் சாம்பாரில் போடுகிறார். அப்பா அதைத் தேடி எடுத்து மென்று சாப்பிடுகிறார்.

கொய்யா, அவரை போன்றவற்றின் கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகப் பித்தம் சுரக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்ட பிறகு அப்பாவே கொய்யா கேட்கிறார்.

அப்புறம், முக்கியமான ஒன்று. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டாதீர்கள், கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கீரை, பழங்களில் உள்ள பொட்டாசியத்தையும் கவனிக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.