எஸ்ஏடி ஆங்கில இலக்கணம்: பிரதிப்பெயர், அடைத்தொடர் வினாக்களில் உதவி தேவை

வணக்கம். சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கிறோம். தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படிக்கும் என் மகள், அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்திற்காக எஸ்ஏடி தேர்வுக்குத் தயாராகிறாள். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில், 32 நிமிடங்களில் 27 வினாக்கள் வீதம் இரண்டு தொகுதிகள் உள்ளன. அவற்றில் பிரதிப்பெயரின் (புரோநவுன்) ஒருமை பன்மை இயைபையும் அடைத்தொடரின் (மாடிஃபையர்) இடத்தையும் சோதிக்கும் வினாக்களில் மட்டும் மூன்று மாதங்களாகத் தவறு செய்கிறாள்.

நேற்று, ‘ஈச் ஆஃப் த மியூசியம்ஸ்’ என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘இட்ஸ்’ வரவேண்டிய இடத்தில், பக்கத்திலிருந்த பன்மைச் சொல்லைப் பார்த்துத் ‘தேர்’ என்று குறித்தாள். ‘வாக்கிங் அலாங் த ரிவர், த பிரிட்ஜ்…’ என்று எழுதினால் நடப்பது பாலம் என்றாகிவிடும்; நான் சுட்டிக்காட்டும்வரை அது அவள் கண்ணில் படவில்லை. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று இரண்டு எழுவாய்களை இயல்பாக ஏற்கும் தமிழைப் பேசி வளர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

விதிகளை மனப்பாடம் செய்தாள். எஸ்ஏடி தேர்வு நடக்கும் புளூபுக் செயலியில் மாதிரித் தேர்வுகளை எழுதினாள். காற்புள்ளிக்கு அடுத்த சொல்லைக் கவனிக்கவும் பழக்கினேன். தனியாகக் கேட்டால் விதியைச் சரியாகச் சொல்பவள், கடிகாரம் ஓடும்போது தவறிவிடுகிறாள்.

இவ்விரு வகை வினாக்களையும் நேர நெருக்கடியிலும் உடனே அடையாளம் காண, உங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சிமுறை கைகொடுத்தது?