கடலூர்ப் பிள்ளைக்கு ஐடபிள்யூஎல் ஒப்பந்தம்: கல்லூரியா, கையெழுத்தா?

ஓரக்கோடு
பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளை, அரசுப் பள்ளி, 18 நிறைந்துவிட்டது. கால்பந்தில் இடது விங்கர். தமிழ்நாடு ஜூனியர் அணியில் ஆடிய சான்று கையில் இருக்கிறது. கடலூரிலேயே அரசு கலைக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.ஏ. கிடைக்கும் போலத் தெரிகிறது. அதே வாரம் வெளிமாநிலத்து இந்தியன் விமன்ஸ் லீக் (ஐடபிள்யூஎல்) அணி ஒன்று 3.2 லட்சம், தங்குமிடம், சாப்பாடு என்று ஒப்பந்த நகல் அனுப்பியிருக்கிறது. அப்பா படகுக்குப் போகிறவர். கலந்தாய்வுக்கு இன்னும் ஒன்பது நாள். அறிவுரை வேண்டாம், விதியும் கணக்கும் சொல்லுங்க.

சில்வர்பீச் 9
போடச் சொல்லுங்க கையெழுத்த. 2024-25 ஐடபிள்யூஎல்ல 8 டீம், ஹோம் அவே சேத்து ஆளுக்கு 14 மேட்ச். யுனிவர்சிட்டி டோர்னமென்ட்ல ஒரு நாக்-அவுட் தோத்தா அன்னிக்கு ராத்திரியே பொட்டி கட்டணும். வருஷத்துக்கு நாலு மேட்ச் ஆடி எந்தப் புள்ள வளந்துச்சு? இந்தியா 2025 ஜூலையில தாய்லாந்த 2-1ன்னு ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குப் போன டீம்ல இருந்தவங்க கிளப்புல ஆடிப் பேர் வாங்குனவங்க. காலேஜ் எங்கயும் ஓடிடாது. 18 வயசு வேகம் 22ல வராது.

உப்பனாறு
3.2 லட்சம் என்றதும் மயங்க வேண்டாம். ஐடபிள்யூஎல் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தர வேண்டும் என்று ஏஐஎஃப்எஃப் (அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு) 2023-ல் வைத்த தொகை அது. அதாவது அடிமட்டச் சம்பளம். 12-ஆல் வகுத்தால் 26,666. தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10% டிடிஎஸ் (முன்கூட்டிய வரி) பிடித்துக் கைக்கு வருவது மாதம் 24,000. (ஐடிஆர், அதாவது வருமான வரிக் கணக்கு, போட்டால் பிடித்த 32,000 திரும்பி வரும். பலர் போடுவதே இல்லை.)

இனி மறுபக்கம். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டுக்கு 3% ஒதுக்கீடு. அதற்கான சான்றில் படிவம் 1 நாட்டுக்கு ஆடியதற்கு, 2 மாநிலத்துக்கு, 3 பல்கலைக்கழகத்துக்கு. கிளப்புக்கு ஆடியதற்கு என்று தனிப் படிவமே கிடையாது. 14 ஆட்டமும் முழுசாக ஆடி 10 கோல் போட்டாலும் அந்தக் கோப்பில் ஒரு தாள்கூடச் சேராது. காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலருக்கு 10-ஆம் வகுப்பு போதும், அடிப்படைச் சம்பளம் 18,200. சப்-இன்ஸ்பெக்டருக்குப் பட்டம் வேண்டும், 36,900. ரயில்வேயிலும் அப்படித்தான்: பிளஸ் டூவுக்குச் சம்பள லெவல் 2, 3, பட்டத்துக்கு லெவல் 4, 5. கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடினார், சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். அந்தப் பதவிக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது.

சில்வர்பீச் 9
இந்துமதி அக்கா ஐடபிள்யூஎல் கிளப் சேது எஃப்சிக்கும் ஆடுனாங்க, அத விட்டுட்டீங்களே அண்ணே. அவங்கள இந்தியா கூப்புட்டது காலேஜ் ஐடி கார்டப் பாத்தா?

டிகிரி வேணும்னா தொலைதூரக் கல்வி இருக்கு. இக்னோ பி.ஏ. மூணு வருஷம், இழுத்துப் புடிச்சா ஆறு வருஷம் வரைக்கும் முடிக்கலாம். யுஜிசி அங்கீகாரம் இருக்குற டிகிரி எஸ்ஐ வேலைக்குச் செல்லும். கேம்ப்ல சாயங்காலம் என்ன வேலை, போனத் தேய்க்கிறதுதான். அந்த நேரத்துல அசைன்மென்ட் எழுதட்டும்.

உப்பனாறு
தொலைதூரத்தில் சேர்ந்தால் மூன்று கதவு மூடும். ஒன்று, ஏஐயு (இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம்) நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு முழுநேர ரெகுலர் மாணவிதான் போக முடியும். ஆகவே படிவம் 3 இல்லை. இரண்டு, அதையே நம்பி நடக்கிற கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு. மூன்று, புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு உண்டு, தொலைதூரத்துக்குக் கிடையாது. ஆயிரம் சின்னத் தொகைதான், ஆனால் ஒரு ஜோடி பூட்ஸ்.

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக்
ரெண்டு பேரும் காலண்டரைப் பார்க்காமல் சண்டை போடுறீங்க.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். வருகைப்பதிவு 75% என்றால் 68 நாள் வகுப்பில் உட்காரணும், 22 நாள்தான் விடலாம். 65-க்கு மேலே இருந்தால் அபராதம் கட்டி எழுத விடும் வழக்கம் பல இடத்தில் உண்டு. அப்படிப் பார்த்தாலும் 31 நாள். 2024-25 லீக் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. முன்னாடி ஒரு மாசம் கேம்ப். அதாவது இரட்டைப்படை செமஸ்டர் முழுசா காலி, தேர்வு நேரமும் சேர்ந்து. ஒற்றைப்படை செமஸ்டர், ஜூனிலிருந்து நவம்பர் வரை, ஒரு பிரச்சினையும் இல்லை.

ஓடி (ஆன் டியூட்டி, வராத நாளுக்கும் வருகைப்பதிவு) வாங்கலாம் என்று யாராவது சொல்வாங்க. ஓடி பல்கலைக்கும் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஆடப் போனால்தான். கிளப் கடிதத்தை உடற்கல்வி இயக்குநர் சிரிச்சுக்கிட்டே வாங்கி வெச்சுக்குவார், துறைத் தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். "பார்த்துக்கலாம்மா" என்று வாயால் சொன்னதை நம்பி ஊருக்குப் போனால் ஏப்ரலில் ஹால் டிக்கெட் வராது.

ரெகுலரும் லீகும் ஒரே ஆண்டில் ஒட்டாது. ஏஐயு வயது வரம்பு 25. பிள்ளைக்கு 18. ஒரு சீசன் ஆடிவிட்டு 19-ல் சேர்ந்தாலும் மூணு வருஷப் பட்டம் 22-ல் முடியும், மேலே எம்.ஏ. சேர்ந்தால் இன்னும் ரெண்டு வருஷம் பல்கலைக்கு ஆடலாம். இந்த ஒரு வருஷத்துக்குத்தான் சண்டையே.

(புதுச்சேரியில் சேர்க்கலாமே என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: சென்டாக் என்கிற அந்த ஊர்ச் சேர்க்கைக் குழு வழி, குடியிருப்புச் சான்று கேட்கும். புதுச்சேரிப் பக்கம் வீடு இல்லையென்றால் நேரம் வீண்.)

உப்பனாறு
அடுத்த ஆண்டு சேரலாம் என்று போன பிள்ளைகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கடலூர் அண்ணா ஸ்டேடியத்தில் காலையில் ஓடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கட்டுப்பட்டை
முழங்காலைப் பற்றி யாரும் பேசலையே. முன் சிலுவைத் தசைநார், அதாவது ஏசிஎல், கிழிகிற வாய்ப்பு பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழியும்: ஓடி வந்து ஒரே காலில் நின்று திரும்பும்போது முட்டி உள்பக்கம் மடியும், "டொப்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். அறுவை செய்தால் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதம். அவசரப்பட்டு ஆறு மாதத்தில் இறங்கினால் மறுபடியும் கிழிகிற ஆபத்து அதிகம்.

கட்டாந்தரையில் பழகிய கால் திடீரென்று செயற்கைப் புல்லுக்குப் போகும்போது பூட்ஸையும் மாற்றணும். நீளமான பிளேடு ஸ்டட் செயற்கைப் புல்லில் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அடியில் நிறையக் குட்டை ஸ்டட் உள்ளதுதான் அதற்கு. பிஃபா 11+ வார்ம்-அப் 20 நிமிஷம், வாரத்துக்கு இரண்டு முறையாவது. இதை இன்றைக்கே தொடங்கலாம், கல்லூரி ஆனாலும் கிளப் ஆனாலும்.

ஒப்பந்தத்தில் காயத்துக்கு என்ன எழுதியிருக்கிறது? முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

ஓரக்கோடு
அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது. சம்பளம் 8 தவணை, முதல் தவணை கேம்ப்பில் சேர்ந்து 45 நாள் கழித்து. காயத்தால் 30 நாளுக்கு மேல் ஆட முடியாவிட்டால் கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். கிளப் விரும்பினால் அதே சம்பளத்தில் இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம். பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. இன்னொன்று, உள்ளூர் கிளப் என்ஓசி (தடையில்லாச் சான்று) கொடுக்க "வளத்த கூலி" என்று 50,000 கேட்கிறது.

சில்வர்பீச் 9
உள்ளூர்க்காரங்க கேக்குறதுக்கு பிஃபா விதியில எடமே இல்ல. பயிற்சி இழப்பீடு பெண்கள் ஃபுட்பாலுக்குப் பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. சிஆர்எஸ்ல (ஏஐஎஃப்எஃப்போட ஆன்லைன் வீரர் பதிவு) புது கிளப் கேட்டதும் உள்ளூர் கிளப்பப் பதில் குடுக்கச் சொல்லுங்க, இல்லன்னா மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கத்துக்கு எழுத்துல போங்க. போன்ல சண்டை போடாதீங்க.

ஒப்பந்தம் மோசந்தான், ஒத்துக்கிறேன். 30 நாள் காயம்னு இருக்குறத அடிச்சிட்டு, "கிளப்புக்கு ஆடும்போதோ பயிற்சியிலோ ஏற்படும் காயத்துக்கு ஒப்பந்தக் காலம் முழுதும் சம்பளமும் மருத்துவச் செலவும் கிளப் பொறுப்பு"ன்னு போடச் சொல்லுங்க. முதல் தவணை சேந்த 7 நாள்ல. நீட்டிப்பு ரெண்டு பேரும் சம்மதிச்சா மட்டும். இதுக்கெல்லாம் "புதுப் புள்ளைங்களுக்கு மாத்த மாட்டோம்"பாங்க. சும்மா கேளுங்க, பாதி மாத்துவாங்க.

சம்பளம் நின்னா பயப்பட வேணாம். பிஃபா விதி 14பிஸ்: ரெண்டு மாசச் சம்பளம் பாக்கியானா, எழுத்துல நோட்டீஸ் குடுத்து 15 நாள் டைம் குடு, அப்பவும் வரலன்னா நியாயமான காரணத்தோட வெளிய வரலாம்.

உப்பனாறு
வெளியே வரலாம், சரி. பணம்? மனுப் போட்டு முடிவு வந்து காசு வரும்வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் அடுப்பு எதில் எரியும்?

ஆண்கள் லீகையே பாருங்கள். சென்னை சிட்டி கிளப் 2018-19-ல் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. 2020-21-க்குப் பிறகு அந்த லீகிலேயே இல்லை. ஐஎஸ்எல்லை (இந்தியன் சூப்பர் லீக்) 2025 ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள், ஏஐஎஃப்எஃப் தன் வணிகப் பங்குதாரரோடு செய்திருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதால். முதல்தர லீக்கே ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. பெண்கள் லீகின் தேதியை நம்பி ஒரு கல்வியாண்டை விடச் சொல்கிறீர்கள்.

சில்வர்பீச் 9
அதான் அண்ணே நானும் சொல்றேன். நாளைக்கு லீக் இருக்குமோ இல்லையோ, இன்னிக்குக் கூப்புடுறப்பவே போகணும். காலேஜ் அடுத்த ஜூன்லயும் இருக்கும்.

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக்
கலந்தாய்வுக்குப் போய் இடத்தை வாங்கிக் கட்டணத்தைக் கட்டட்டும். அரசுக் கல்லூரிக் கட்டணம், போனாலும் தாங்கும். விளையாட்டு உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்குத்தான் முதல் நாள், அதைத் தவறவிட்டால் பொதுப் பட்டியலில் மதிப்பெண்ணோடு மோதணும். ஜூனில் வகுப்பு தொடங்கும், கிளப் கேம்ப் அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் கிளப்பின் பதிலைப் பார்த்துக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தத்தில் சேரும் தேதி என்ன என்று பாருங்க. ஜூன் 15 என்று இருந்தால் நான் சொன்ன கணக்கு செல்லாது.

ஓரக்கோடு
சேரும் தேதி நவம்பர் 1. கிளப்பிலிருந்து பதிலும் வந்துவிட்டது. காயப் பிரிவை மாற்றுகிறார்களாம், முதல் தவணை 15 நாளில். நீட்டிப்புப் பிரிவை மாற்ற முடியாது என்கிறார்கள்.

சில்வர்பீச் 9
அப்ப நீட்டிச்சா 25% கூடன்னு ஒரு வரி கேளுங்க. மாட்டேன்னா, எந்தத் தேதிக்குள்ள நீட்டிப்ப எழுத்துல சொல்லணும்னாவது போடச் சொல்லுங்க. மே 15ன்னு வெச்சா ஜூன் அட்மிஷனுக்கு வழி இருக்கும்.

உப்பனாறு
அந்த மே 15 வரி வந்தால் என் எதிர்ப்பு பாதி குறையும். முழுதும் இல்லை.

நவம்பர் 1 என்றால் முதல் செமஸ்டர் தேர்வு தேதி அதோடு இடிக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். தேர்வு எழுதிவிட்டுச் சேர 20 நாள் தள்ளித் தருவார்களா என்று கிளப்பிடம் கேளுங்கள். இன்னொன்று, பதிவுக்கு என்று அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள். படிவம் 2-ஐயும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும். அசல் கல்லூரியில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.