போனஸ் வந்தாச்சு, பனி மாசம் தாண்டணும்

குரூப்: நம்ம வீட்டு ஆளுங்க

பெரியம்மா: எல்லாரும் நல்லா இருக்கீங்களா. தேயிலை எஸ்டேட் போனஸ் பேங்க்ல ஏறிடுச்சு. துணிமணி பலகாரம் எல்லாம் போக 22,000 மிச்சம் நிக்குது. கார்த்தி பெரிய டிவி எடுக்கலாம் மீதிக்கு இஎம்ஐ போட்டுக்கலாம்ங்கறான், பக்கத்து லைன் அம்மா அடுத்த வருசத்து தீபாவளி சீட்டுல சேர சொல்லி தினமும் வந்து நிக்குது. என்ன பண்றதுன்னு சொல்லுங்க

கார்த்தி அண்ணா: அம்மா நான் சும்மா சொல்லல. 10,000 கட்டிட்டா மீதி மாசம் 1,800 தான், வட்டி கிடையாது. பாப்பாவும் பக்கத்து வீட்டுல போய் உக்காந்து பாத்துட்டு இருக்கா, அத பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு

திவ்யா: பாப்பாவுக்காக நீ நினைக்கறது புரியுது அண்ணா. ஆனா அந்த 1,800 பிப்ரவரிலயும் கட்டணும் மார்ச்லயும் கட்டணும். உன் வண்டி ஓட்டம் அப்ப எப்படி இருக்கும்?

கார்த்தி அண்ணா: பொங்கல் லீவு வரைக்கும் ஓடும். அப்புறம் பிப்ரவரி மார்ச் ஸ்டாண்டுல வண்டிய போட்டுட்டு உக்காந்திருக்கறது தான், சில நாள் டீசல் காசே வராது. ஏப்ரல் மே தான் நமக்கு. அதுலயும் ஊட்டிக்கு சீசன்ல இ-பாஸ், சாதா நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000னு கோர்ட்டு அளவு வெச்சதுல இருந்து முந்தின சீசன் மாதிரியே வரும்னு நம்பி எதையும் ஒத்துக்க முடியல

கோத்தகிரி அத்தை: கார்த்தி நீ சொன்னதே தான் இங்கயும். இப்ப மழைக்கு இலை நல்லா வருது, நேத்து கூட மூட்டை நிறைய போச்சு. டிசம்பர்ல பனி விழ ஆரம்பிச்சா கொழுந்து கருகிடும், ஜனவரி பிப்ரவரி எடை பாதி கூட நிக்காது. நமக்கு சம்பளம் மாதிரி மாசா மாசம் ஒரே அளவுல வராது கண்ணு, அதனால மாச பட்ஜெட்டுன்னு டிவில சொல்றதெல்லாம் நமக்கு சரிப்படாது. நான் நோட்டுல ரெண்டு பக்கம் தான் எழுதறது. ஒரு பக்கம் இலை இருக்கற மாசம், இன்னொரு பக்கம் பனி மாசம்

திவ்யா: அத்தை அந்த பனி மாச பக்கத்த கொஞ்சம் சொல்லுங்களேன் எல்லாருக்கும் உதவும்

கோத்தகிரி அத்தை: சொல்றேன் இரு கண்ணாடி எடுத்துக்கறேன். ரேஷன் அரிசி போக மளிகை 4,500, பால் 1,500, மாமாவுக்கு சுகர் பிரஷர் மாத்திரை 1,100, கேஸ் 900, கரண்டு போன் சேத்து 1,000. மொத்தம் 9,000. டிசம்பர் ஜனவரி பிப்ரவரி மூணு மாசத்துக்கு 27,000. எனக்கு வர்ற உரிமைத் தொகை மாசம் 1,000, மூணு மாசத்துக்கு 3,000. பனியிலயும் வர்ற கொஞ்ச இலைக்கு 9,000னு வெக்கறேன், அதுக்கு மேல வெக்க மாட்டேன். அப்ப 15,000 இடிக்குது. அத செப்டம்பர் அக்டோபர் நவம்பர் இலை பணத்துல மாசம் 5,000 எடுத்து தனியா பேங்க்ல போட்டுடறேன். அந்த கணக்கோட ஏடிஎம் கார்ட நான் வாங்கவே இல்ல. பனி மாசத்துல நகைய கொண்டு போய் வெக்கற வேலை எங்க வீட்டுல நின்னு போச்சு, அது தான் எனக்கு பெரிய நிம்மதி

பெரியம்மா: எனக்கு மாச சம்பளம்னு பேரு தான். பனியில கொழுந்து இருக்காது, கூட கிலோ பறிக்கற காசும் போயிடும். சம்பளம் மட்டும் வெச்சுட்டு அஞ்சாந்தேதியிலயே கடன் சொல்லி வாங்கறோம்

கூடலூர் மாமா: அக்கா இப்ப தான் பாத்தேன். நான் போஸ்ட் ஆபீஸ்ல இத்தனை வருசம் கவுண்டர்ல உக்காந்தவன் சொல்றேன் கேளு. ஆர்டின்னு மாசா மாசம் கட்டற சேமிப்பு கணக்கு இருக்கு, 5 வருசம், இப்ப வட்டி 6.7 சதவீதம், மாசம் 100 ரூபாயில இருந்து போடலாம். மாசம் 1,000 போட்டா முடிவுல 71,000 சொச்சம் கைக்கு வரும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா தவணைய முன்கூட்டியே கட்டலாம். 6 மாச தவணைய ஒரே தடவைல கட்டினா 100 ரூபாய்க்கு 10 ரூபா தள்ளுபடி, அதாவது 1,000 ரூபா ஆர்டிக்கு 100 ரூபா. 12 மாசம் சேத்து கட்டினா 400 ரூபா. காசு இருக்கற மாசத்துல கட்டிட்டு காசு இல்லாத மாசத்துல நிம்மதியா இருக்கலாம், நம்ம மலை ஜனங்களுக்குன்னே வெச்ச மாதிரி இருக்கும் ஆனா கவுண்டர்ல யாருமே கேக்க மாட்டாங்க

கார்த்தி அண்ணா: மாமா நடுவுல கட்ட முடியலன்னா?

கூடலூர் மாமா: விட்ட மாசத்துக்கு 100 ரூபாய்க்கு 1 ரூபா அபராதம். 4 தவணைக்கு மேல விட்டா கணக்கு நின்னுடும், ரெண்டு மாசத்துக்குள்ள பாக்கிய கட்டி திருப்பி எடுத்துக்கலாம். ஒரு வருசம் ஒழுங்கா கட்டினா போட்டதுல பாதி வரைக்கும் லோன் கிடைக்கும். 3 வருசத்துக்கு முன்னாடி மூட முடியாது, அதனால பனி மாச செலவு காச இதுல போடாதீங்க. அது அத்தை சொன்ன மாதிரி கைக்கு எட்டற சேமிப்பு கணக்குல தான் இருக்கணும்

பெரியம்மா: அப்ப சீட்டு?

கூடலூர் மாமா: அக்கா பதிவு பண்ணின சீட்டா அது? ரசீது எதாவது தருதா?

பெரியம்மா: ஒரு நோட்டுல எழுதிக்கும் அவ்வளவு தான். தீபாவளிக்கு பட்டாசு, ஸ்வீட் பாக்ஸ், ஒரு கிராம் காசுன்னு சொல்லுது

திவ்யா: பெரியம்மா வேண்டாம். போன வருசம் எங்க தெருவுல ஒரு தீபாவளி சீட்டு ஐப்பசி பொறந்ததும் ஆள காணோம்னு ஆச்சு. எத்தன வீட்டுல பண்டிகைய அழுதுகிட்டே கொண்டாடினாங்க, நான் கண்ணால பாத்தேன். கேஸ் குடுக்க போனா கையில ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல யாருகிட்டயும். அந்த அம்மா நல்லவங்களாவே இருக்கலாம், ஆனா அவங்க யாருகிட்ட கொண்டு போய் கட்டறாங்கன்னு நமக்கு தெரியாதுல்ல

கோத்தகிரி அத்தை: பக்கத்து வீட்டு உறவு கெடாம சொல்லணும்னா ஆர்டி போட்டுட்டேன் கையில இல்லன்னு சொல்லிடுங்க, அது உண்மையும் தான்

திவ்யா: இன்னொண்ணு, கரண்டு பில். கார்த்தி அண்ணா வீட்டுல ஹீட்டர் வாங்கினீங்கல்ல, எவ்வளவு நேரம் ஓடுது?

கார்த்தி அண்ணா: ராத்திரி ரெண்டு மணி நேரம், பாப்பாவுக்கு சளி புடிச்சுக்குதுன்னு

திவ்யா: அது 2,000 வாட். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட், ராத்திரிக்கு 4, ரெண்டு மாச பில்லுக்கு 240 யூனிட் அது மட்டுமே. கீசர் அரை மணி நேரம்னா தினம் 1 யூனிட், 60 ஆச்சு. இலவசம் 100 யூனிட் தான். மொத்தம் 500 தாண்டிட்டா 101ல இருந்து 200 வரைக்கும் இருக்கற மலிவு ரேட்டும் போயிடும், அதான் சில பில்லு திடீர்னு எகிறுது. ஹீட்டர ஒரு மணி நேரம் போட்டு ரூம் சூடானதும் அணைச்சுட்டு, ஜன்னல் இடுக்குல துணி வெச்சு அடைச்சு பாருங்க, 120 யூனிட் அதுலயே குறையும்

கோத்தகிரி அத்தை: குளிக்கற தண்ணிக்கு, தேயிலைச் செடிய கவாத்து பண்ணி வெட்டின வெறகு போதும் கார்த்தி. இந்த வருசம் நம்ம தோட்டத்துல கவாத்து வெட்டினது மூணு கட்டு காய வெச்சிருக்கேன், வண்டி இந்த பக்கம் வந்தா ஏத்திட்டு போ. பாய்லர்ல ரெண்டு குச்சி போட்டா வீட்டுக்கே தண்ணி ஆகும்

கார்த்தி அண்ணா: சரி அத்தை ஞாயித்துக்கிழம வரேன். ஸ்டாண்டுல ஒருத்தர் ஹீட்டருக்கு பதிலா கரி அடுப்ப ரூம்ல வெச்சுக்கோ செலவே இல்லன்னாரு, அதுவும் பாக்கலாம்னு இருந்தேன்

கூடலூர் மாமா: டேய் அது மட்டும் வேண்டவே வேண்டாம். கதவு சாத்தின ரூம்ல கரி எரிஞ்சா வர்ற விஷ வாயுவுக்கு வாசனையே இருக்காது, தூங்கற ஆள் தூக்கத்துலயே போயிடுவாங்க. குளிருக்கு கரி மூட்டிட்டு படுத்து டூரிஸ்டுங்க செத்தாங்கன்னு நீ பேப்பர்ல படிச்சிருப்ப. வெறகும் வெளிய பாய்லர்ல மட்டும் தான், ரூமுக்குள்ள கிடையாது. பாப்பாவுக்கு ஹீட்டர் காசு போனா போகட்டும்

பெரியம்மா: கேட்டுக்கிட்டயா கார்த்தி. அந்த ஆள் சொன்னான்னு அடுப்ப உள்ள கொண்டு வந்த, நான் வெளிய தூக்கி எறிஞ்சிடுவேன்

கார்த்தி அண்ணா: சரிம்மா பண்ண மாட்டேன்

கூடலூர் மாமா: பாப்பாவுக்கு நாலு வயசு தானே, பொண்ணு குழந்தைங்களுக்குன்னு போஸ்ட் ஆபீஸ்ல இருக்கற செல்வமகள் சேமிப்பு கணக்கு ஆரம்பிச்சாச்சா? 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கணும். வட்டி 8.2. இதுல மாச தவணைன்னே கிடையாது, வருசத்துக்கு குறைஞ்சது 250 போட்டா போதும், எப்ப வேணா எத்தன தடவ வேணா போடலாம், வருசத்துக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும். 15 வருசம் போடணும், 21 வருசத்துல முடியும், 18 வயசானா படிப்புக்கு பாதி எடுக்கலாம். மே மாசத்துல நல்ல ட்ரிப் அடிச்ச அன்னிக்கு 500 போடு, பிப்ரவரில ஒண்ணும் போடாத, யாரும் கேக்க மாட்டாங்க

கார்த்தி அண்ணா: இது எனக்கு சரியா வரும் மாமா. ஏப்ரல் மே வருமானத்துல போட்டுடறேன், இப்ப ஆரம்பிக்க மட்டும் கொஞ்சம் வேணும்

திவ்யா: அப்ப 22,000ல 10,000 பனி மாசத்துக்கு தனியா, 6,000 பெரியம்மா பேர்ல ஆர்டி ஆறு மாசத்துக்கு, 3,000 பாப்பாவுக்கு. மீதி 3,000 பெரியம்மா கையில, அத எதுக்குன்னு யாரும் கேக்கக் கூடாது. சரியா பெரியம்மா?

பெரியம்மா: சரி தான் சாமி. ஆனா அடுத்த போனஸ் எவ்வளவு வரும்னு தெரியாம ஆர்டி ஒத்துக்கறது தான் கொஞ்சம் பயமா இருக்கு

கூடலூர் மாமா: போனஸ் சட்டப்படி 8.33 சதவீதத்துக்கு கீழ போகாது, 20க்கு மேலயும் போகாது. நீ 8.33 வரும்னு மட்டும் கணக்கு போடு. அதுல வர்ற காசுக்குள்ளயே ஆறு மாச தவணை அடங்குது, இன்னொரு ஆறு மாசம் கார்த்தி சீசன்ல கட்டிடுவான்

கார்த்தி அண்ணா: கட்டிடறேன். டிவி மே மாசம் ரொக்கத்துக்கே எடுத்துக்கறேன், பாப்பாகிட்ட நான் பேசிக்கறேன்

பெரியம்மா: திங்கக்கிழமை எனக்கு லீவு. தம்பி என்னென்ன எடுத்துட்டு போகணும்?

கூடலூர் மாமா: உன் ஆதார், பான் கார்டு, ரெண்டு போட்டோ. கார்த்தி நீ உன் ஆதார் பான் போட்டோ கூட பாப்பாவோட பர்த் சர்டிபிகேட். ஜெராக்ஸ் ரெண்டு செட் கீழயே எடுத்துட்டு போங்க. காலைல சீக்கிரம் போயிடுங்க, மதியத்துக்கு மேல சில நாள் நெட்வொர்க் நிக்கும்