பிள்ளையின் மருத்துவரிடம் என் மனநிலையைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி:
என் மகளுக்கு வயது 7. அவளுக்கு டைப் 1 நீரிழிவு இருப்பது தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து நள்ளிரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கிறேன். 70-க்குக் கீழே இருந்தால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவளை எழுப்பிப் பழச்சாறு குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் குத்த வேண்டும். அளவு சரியாக இருக்கும் இரவுகளிலும் எனக்கு உறக்கம் வருவதில்லை. அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் காரணமின்றி அழுகை வருகிறது. ஊசியின் வலியெல்லாம் அவளுக்கு இருக்க, என் மனம் சரியில்லை என்று அவளுடைய மருத்துவரிடம் சொல்வது முறையாகுமா?

மறுமொழி 1:
தயங்காமல் சொல்லுங்கள். என் மகனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய்). அந்நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரை 9 நாடுகளில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மாரில் 37 சதவீதத்தினரிடமும் தந்தையரில் 31 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அதன் பிறகு வந்த சர்வதேச வழிகாட்டுதல், பெற்றோருக்கும் ஆண்டுதோறும் மனநலப் பரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது. கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் உறக்கம் கெட்டது, எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லை என்பது போன்ற ஒன்பது கேள்விகள்தாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த 31 சதவீதத்தை என் கணவருக்குக் காட்டிய பிறகே, ஓராண்டாக அடக்கி வைத்திருந்ததை அவர் சொல்லத் தொடங்கினார்.

மறுமொழி 2:
'இன்னுமா அழுகிறாய்?' என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கக்கூடும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் கண்ட, மீண்டும் மீண்டும் திரும்பி வரும் துயரத்துக்கு 1962-இலேயே சைமன் ஒல்ஷான்ஸ்கி என்ற ஆய்வாளர் 'நாட்பட்ட துயரம்' என்று பெயரிட்டு, அது இயல்பானதே என்று எழுதினார். ஆயினும் துயரம் வேறு, உறக்கமின்மை வேறு. உங்களுக்கு முதலில் தேவை உறக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் இன்னொருவருக்குக் குத்தவும் அளக்கவும் முழுமையாகக் கற்றுக்கொடுத்து, வாரத்தில் இரண்டு இரவுகளை அவரிடம் விடுங்கள். நான் அப்படி விட்ட முதல் இரவில் கதவுக்கு வெளியே விடியும்வரை நின்றிருந்தேன். நான்காம் முறைதான் உறங்கினேன். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவ உதவியை நாடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அத்தகைய எண்ணம் எனக்கு இல்லை. மகளின் சர்க்கரை அளவுகளைக் குறித்துவைக்கும் நோட்டில், வரும் சந்திப்பில் கேட்க வேண்டியவற்றோடு 'அம்மாவின் உறக்கம்' என்றும் எழுதிவிட்டேன். இன்றிரவு கணவருக்கு விரலில் குத்தக் கற்றுக்கொடுக்கிறேன்; முதலில் என் விரலில்.