புதுப்பிப்பு: செரிமான மூலிகை மாத்திரையில் என்னதான் இருக்கிறது?

செரிமானத்துக்கான மூலிகை மாத்திரை ஒன்றை வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். லேபிளில் ஆறு மூலிகைகளின் பெயர். எதிரே 'கலவை 500 மி.கி.' என்று ஒரே எண். தனித்தனி அளவைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். தொழில் ரகசியமாம்!

இஞ்சி, பெருஞ்சீரகம் பற்றிக் கவலை இல்லை. குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. இடிப்பது அதிமதுரமும் நிலாவாரையும்தான். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அதை நீக்கிய வகையும் உண்டு. இதில் சேர்த்திருப்பது எது என்று லேபிள் வாயே திறக்கவில்லை. நிலாவாரையோ பெருங்குடலைத் தூண்டிவிடும் பேதி மருந்து. சில நாள் மலச்சிக்கலுக்குச் சரி. 'தினமும் இரவில் இரண்டு' என்று அச்சிட்டிருப்பது எந்தக் கணக்கில்? 'வயிறு லேசாகிவிட்டது' என்று பலர் புகழ்வதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த மாத்திரையில் உள்ள புதினா எண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு: குடலில் போய்க் கரையும் பூச்சு இருந்தால் ஐ.பி.எஸ். (வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் கோளாறும் அடிக்கடி வரும் குடல் பிரச்சினை) தொல்லைக்குப் பயன்படுகிறது, இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல் கூடலாம். இதில் பூச்சு இல்லை.

வாங்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் உறவினருக்காகத்தான் பார்த்தேன். லேபிளின் படத்தை அவருடைய மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.